பழைய டெயில் லைட் ஒன்று கையில் கிடைத்தால்

என் மேஜை மேல் ஒரு விளக்கு இருக்கிறது. உள்ளங்கை அகலம். கறுப்புப் பெயின்ட் உதிர்ந்த தகட்டு உடம்பு, முகத்தில் சிவப்புக் கண்ணாடி. அந்தக் கண்ணாடியில் ‘ஸ்டாப்’ என்ற ஆங்கிலச் சொல் புடைப்பாக வார்க்கப்பட்டிருக்கிறது. அடிவயிற்றில் நிறமில்லாத ஒரு சின்ன ஜன்னல், முதுகில் ஒரே ஒரு போல்ட். அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்து ஹெர்ஷி என்ற ஊரில் ஆண்டுதோறும் அக்டோபரில் பழைய கார்ப் பிரியர்களின் பெரிய சந்தை கூடும். அங்கே ஒரு மரப்பெட்டிக்குள், இதைப் போன்ற இருபது முப்பது விளக்குகளுக்கு நடுவே கிடந்தது. வாங்கி வந்ததிலிருந்து வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் ஒரே கேள்விதான் கேட்கிறார்கள்: “இது எந்தக் காரோடது?”

நானும் ஆரம்பத்தில் அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தேன். ஃபோர்டா, செவர்லேயா, டாட்ஜா என்று பழைய படங்களைப் புரட்டிப் புரட்டிக் கண் பூத்ததுதான் மிச்சம். எதிலும் பொருந்தவில்லை. பிறகுதான் உறைத்தது: இந்த வகை விளக்கு எந்தக் காருக்காகவும் செய்யப்பட்டதே இல்லை. கல்யாண மண்டபத்து நாற்காலியைக் காட்டி “இது யார் வீட்டு நாற்காலி?” என்று கேட்பது மாதிரிதான் என் கேள்வி இருந்தது.

கார்க் கம்பெனி தன் காரோடு சேர்த்துக் கொடுத்தது ஒரிஜினல். கார் விற்ற பிறகு வெளியே கடையில் வாங்கி மாட்டியது ஆஃப்டர்மார்க்கெட், நம் மெக்கானிக்குகள் வாயில் ‘வெளிமார்க்கெட் சாமான்’. இந்த இரண்டாவது வகையை அடையாளம் காண்பது பற்றித்தான் இந்தக் கட்டுரை, அதுவும் அமெரிக்காவில் 1920களிலிருந்து 1960கள் வரை விற்றவை மட்டும். ஐரோப்பிய விளக்குகளின் கதை வேறு. அம்பாசடரின் மூதாதையான மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு போன்ற பிரிட்டிஷ் கார்களின் விளக்கில் ‘லூகாஸ்’ என்று இருக்கும், அதன் குறியீடுகளும் தனி. இங்கே அவற்றைக் கலந்தால் குழப்பம்தான்.

வெளிமார்க்கெட் விளக்குக்கு அவ்வளவு பெரிய சந்தை எப்படி வந்தது? ஃபோர்டு மாடல் ஏ காரை எடுத்துக்கொள்ளுங்கள். 1928 முதல் 1931 வரை லட்சக்கணக்கில் விற்ற வண்டி. அதற்குப் பின்னால் வழக்கமாக ஒரே ஒரு டெயில் லைட்தான், இடது பக்கம். வலது பக்கமும் வேண்டுமென்றால் கூடுதல் காசு கொடுத்து வாங்கி மாட்டிக்கொள்ள வேண்டும். அடுத்து வந்த மலிவான கார்களிலும் பிக்கப் வண்டிகளிலும் இந்த ஒற்றைக்கண் வழக்கம் வெகுநாள் நீடித்தது. மாநிலத்துக்கு மாநிலம் போக்குவரத்துச் சட்டம் வேறு. ஓரிடத்தில் பிரேக் விளக்கு கட்டாயம், இன்னோரிடத்தில் இல்லை. பிறகு ரிஃப்ளெக்டர் வந்தது, இண்டிகேட்டர் வந்தது. 1939இல் ப்யூக் கார்களுக்குக் கம்பெனியிலேயே பின்பக்க இண்டிகேட்டர் வந்தபோது, 1935ஆம் ஆண்டு வண்டி வைத்திருந்தவர் என்ன செய்வார்? கடைக்குப் போய் ஒன்று வாங்கி மாட்டுவார். ஒவ்வொரு புதுச் சட்டமும் புது வசதியும் பழைய வண்டிக்காரர்களைக் கடைக்கு அனுப்பியது. சியர்ஸ், வெஸ்டர்ன் ஆட்டோ, சிகாகோவின் ஜே.சி. விட்னி போன்றவற்றின் தபால் விற்பனைப் பட்டியல்களில் இந்த விளக்குகள் பக்கம் பக்கமாக வந்தன.

இவற்றை மூன்று குடும்பமாகப் பிரித்துக்கொள்ளலாம். முதலாவது, ஒரு குறிப்பிட்ட காரின் ஒரிஜினல் உடைந்தால் மாற்றுவதற்காக அச்சு அசலாகச் செய்த நகல். வடிவத்தை வைத்தே இதன் காரைக் கண்டுபிடித்துவிடலாம், பெயர் மட்டும்தான் வேறு. இரண்டாவது, எந்த வண்டியிலும் மாட்டக்கூடிய பொது விளக்கு. என் மேஜை மேல் இருப்பது இந்த ஜாதி. மூன்றாவது, லாரி, டிரெய்லர், டிராக்டர் விளக்குகள். ஆள் பார்க்க முரடு, அலங்காரம் கிடையாது. ‘1930களின் அபூர்வ கார் விளக்கு’ என்று இணையத்தில் விற்கப்படும் சில விளக்குகள் உண்மையில் 1950களின் டிரெய்லர் விளக்குகள்தான். விற்பவர் ஏமாற்றுகிறார் என்று சொல்லமாட்டேன், அவருக்கும் தெரிந்திருக்காது.

போல்ட்டைப் பார்த்தாலே முதல் தகவல் கிடைத்துவிடும். ஒரு காருக்கென்றே செய்த விளக்கின் அடிப்பாகம் அந்தக் காரின் மட்காட் வளைவுக்கு ஏற்றபடி வளைந்திருக்கும், இடது வலது என்று ஜோடி மாறும். பொது விளக்கின் முதுகு தட்டை. ஒன்றோ இரண்டோ போல்ட், அதோடு ஒரு இரும்புப் பட்டை, அவ்வளவுதான். அடியில் நிறமில்லாத ஜன்னல் இருந்தால் அது நம்பர் பிளேட்டுக்கு வெளிச்சம் போட. அப்படியானால் அந்த விளக்கு தனியாகவே வண்டியின் பின்பக்க வேலை முழுவதையும் பார்த்திருக்கலாம், அல்லது ஜோடியில் நம்பர் பிளேட் பக்கம் இருந்திருக்கலாம்.

இனி வயதுக்கு வருவோம். இதில் ஒரே ஒரு விதியை மனதில் நிறுத்திக்கொண்டால் போதும். விளக்கில் காணும் ஒவ்வொரு தடயமும் ‘இந்த வருஷத்துக்கு முன்னால் செய்திருக்க முடியாது’ என்று மட்டும்தான் சொல்லும். ‘இந்த வருஷம் செய்தது’ என்று சொல்லாது. ஒரு வீட்டில் மின்சார மீட்டர் இருந்தால், அந்த மீட்டர் மின்சாரம் வருவதற்கு முன் மாட்டியதில்லை என்று சொல்லலாம். வீடு எப்போது கட்டியது என்று மீட்டரைப் பார்த்துச் சொல்ல முடியாது. விளக்கும் அப்படித்தான். லென்ஸ் உடைந்து மாறியிருக்கும், பல்பு ஹோல்டர் துருப்பிடித்து மாறியிருக்கும், ஸ்க்ரூ தொலைந்து வேறு போட்டிருப்பார்கள். ஒரே விளக்கில் மூன்று வயது இருப்பது சர்வ சாதாரணம். ஆகவே உடம்பு, லென்ஸ், ஹோல்டர், வயர் எல்லாவற்றையும் தனித்தனியாக விசாரிக்க வேண்டும்.

லென்ஸிலிருந்து தொடங்கலாம். கண்ணாடியா பிளாஸ்டிக்கா என்பதுதான் பெரிய பிளவு. சிவப்பு விளக்குக் கண்ணாடியின் நிறம் செலினியம், காட்மியம் சேர்மங்களைக் கண்ணாடிக் குழம்போடு உருக்கி வந்தது. நிறம் மேற்பூச்சாக இல்லாமல் உடம்பெல்லாம் ஊறியிருப்பதால் எத்தனை வருஷம் வெயிலில் நின்றாலும் வெளுக்காது. அக்ரிலிக் பிளாஸ்டிக் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்ததே 1930களின் நடுவில். அடுத்து வந்த உலகப் போரில் அது போர்விமானங்களின் ஜன்னலுக்குப் போனது. போர் முடிந்தபின் கார் விளக்குகளுக்குள் நுழைந்து, 1950களுக்குள் கார் லென்ஸ்களில் கண்ணாடியைப் பெரும்பாலும் ஒழித்துவிட்டது. லாரி விளக்குகளில் மட்டும் கண்ணாடி இன்னும் கொஞ்ச காலம் தாக்குப்பிடித்தது. அதனால் பிளாஸ்டிக் லென்ஸ் என்றால் போருக்கு முந்தியதாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. கண்ணாடி லென்ஸ் என்றால் ‘பழசு’ என்று உடனே துள்ளக்கூடாது, லாரி விளக்கா என்று ஒருமுறை யோசிக்க வேண்டும்.

கண்ணாடியா என்று தெரிந்துகொள்ள சூடான ஊசியால் குத்திப் பார்க்கச் சொல்வார்கள். தயவுசெய்து வேண்டாம், குத்திய தழும்பு போகாது. கன்னத்தில் வைத்துப் பாருங்கள். கண்ணாடி சில்லென்று இருக்கும், பிளாஸ்டிக் அவ்வளவு குளிராது. நகத்தால் தட்டினால் கண்ணாடி ‘டிங்’ என்று பேசும், பிளாஸ்டிக் ‘டொக்’ என்று முடித்துக்கொள்ளும். விளிம்பில் சில்லு தெறித்திருந்தால் கண்ணாடியில் அது சிப்பியின் உள்வளைவு போல் இருக்கும். பழைய பிளாஸ்டிக்கில் சிலந்தி வலை மாதிரி மெல்லிய வெடிப்புகள் ஓடும், வெயில் பட்ட பக்கம் சிவப்பு வெளிறியிருக்கும்.

லென்ஸின் உள்பக்கத்தையும் பாருங்கள். வெறும் கோடுகளும் குமிழ்களும் இருந்தால் அவை வெளிச்சத்தைப் பரப்ப. தேன்கூடு மாதிரி நெருக்கமான, கூர்மையான சின்னச் சின்ன முக்கோணக் குழிகள் இருந்தால் அது ரிஃப்ளெக்டர்: பல்பு எரியாவிட்டாலும் பின்னால் வரும் வண்டியின் வெளிச்சத்தை வந்த வழியே திருப்பி அனுப்பும். ‘ஸ்டாப்’ என்று எழுத்துப் பொறித்த லென்ஸ்கள் பெரும்பாலும் 1920, 30களின் பழக்கம். பிரேக் விளக்கு புதிதாக வந்த காலம், ‘இது எரிந்தால் நிற்கப்போகிறேன் என்று அர்த்தம்’ என்பதை எழுதிக் காட்ட வேண்டியிருந்தது.

சிவப்பு லென்ஸின் நடுவில் நீல நிறத்தில் ஒரு பொட்டு இருந்தால் பயப்படாதீர்கள், அது ‘ப்ளூ டாட்’. காரை அலங்கரிக்கும் இளவட்டங்கள் லென்ஸில் ஓட்டை போட்டுச் சின்ன நீலக் கண்ணாடியைப் பதிப்பார்கள். இரவில் சிவப்பும் நீலமும் கலந்து தூரத்திலிருந்து ஊதாவாகத் தெரியும். பல மாநிலங்களில் சட்டவிரோதம், ஆனாலும் இன்றுவரை விற்பனை நிற்கவில்லை. அந்தப் பொட்டை வைத்து விளக்கின் வயதைச் சொல்ல முடியாது, முன்னாள் சொந்தக்காரரின் வயதை வேண்டுமானால் ஊகிக்கலாம்.

உடம்பு. 1920களின் கடைசி வரை பளபளப்புக்கு நிக்கல் முலாம், அதன் பிறகு குரோம். பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் நிக்கல் லேசாக மஞ்சளித்து வெதுவெதுப்பாகத் தெரியும், குரோம் நீலம் கலந்த குளிர்ந்த வெள்ளை. துத்தநாகக் கலவையில் வார்த்த விளக்குகளில் முலாமுக்கு அடியில் அம்மைத் தழும்பு மாதிரி கொப்புளங்கள் கிளம்பியிருக்கும். பழைய வார்ப்பு என்றால் வீங்கி, விரிசல் விட்டு, கையில் எடுத்தாலே உதிரவும் கூடும். தகட்டை அழுத்திச் செய்த விளக்குகளுக்கு இந்த வியாதி இல்லை, துரு மட்டும்தான். ஸ்க்ரூவையும் கவனியுங்கள். பிளஸ் தலை ஸ்க்ரூ கார்த் தொழிலுக்குள் வந்ததே 1930களின் நடுவில்தான். 1928 விளக்கில் அது இருந்தால் யாரோ பிற்பாடு போட்டது. ஒற்றைக் கோடு ஸ்க்ரூ இருந்தால் மட்டும் எதுவும் நிரூபணம் ஆகாது, அதை இன்றும் எந்தக் கடையிலும் வாங்கலாம்.

அடுத்தது பல்பு ஹோல்டர். இது எனக்கு ரொம்பப் பிடித்த இடம், ஏனென்றால் ஏமாற்றுகிறவர்கள் இங்கே வரை வருவதில்லை. பழைய விளக்குகள் பலவற்றில் இரண்டு ஹோல்டர் இருக்கும்: ஒன்று எப்போதும் எரியும் மங்கல் பல்புக்கு, இன்னொன்று பிரேக் மிதித்தால் எரியும் பிரகாச பல்புக்கு. மாடல் ஏ விளக்கும் அப்படித்தான். பிறகு ஒரே பல்புக்குள் இரண்டு இழை வைக்கும் வழி வந்தது. இந்த இரட்டை இழை பல்பின் பக்கவாட்டில் உள்ள இரண்டு முளைகளும் ஒரே உயரத்தில் இருக்காது, ஒன்று மேலே ஒன்று கீழே. தலைகீழாக மாட்டி இழைகளை மாற்றிவிடக் கூடாது என்பதற்காக அந்த ஏற்பாடு. ஹோல்டருக்குள் எட்டிப் பார்த்தால் அதற்கேற்ற காடிகளும், அடியில் இரண்டு தொடு புள்ளிகளும் தெரியும். ஒரு புள்ளி என்றால் ஒற்றை இழை.

இங்கே புதியவர்கள் விழும் குழி ஒன்று உண்டு. அமெரிக்கக் கார்களில் மின்சாரம் நெடுங்காலம் 6 வோல்ட். 1955இல் செவர்லே, 1956இல் ஃபோர்டு என்று ஒவ்வொன்றாக 12 வோல்ட்டுக்கு மாறின. அதனால் ஹோல்டரை வைத்து 6 வோல்ட் விளக்கா 12 வோல்ட் விளக்கா என்று சொல்லிவிடலாம் என நினைப்போம். முடியாது. 6 வோல்ட்டுக்கான 1154 எண் பல்பும் 12 வோல்ட்டுக்கான 1157 எண் பல்பும் ஒரே ஹோல்டரில் கச்சிதமாக உட்காரும். விளக்குக்கு வோல்ட் கிடையாது, பல்புக்குத்தான். பல்பின் பித்தளைக் கழுத்தில் பொறித்திருக்கும் எண்ணைப் படித்தால் கடைசியாக அந்த விளக்கு எத்தனை வோல்ட் வண்டியில் வாழ்ந்தது என்பது தெரியும். என் விளக்கில் 1157 இருந்தது. ஆக 1950களின் நடுவுக்குப் பிறகும் யாரோ இதை ஓடும் வண்டியில் பயன்படுத்தியிருக்கிறார்கள். அதோடு, இரண்டு ஹோல்டர் இருந்த இடத்தில் ஒன்றைப் பிடுங்கிவிட்டு இரட்டை இழை ஹோல்டர் ஒன்றை ஈயம் வைத்துப் பற்றவைத்திருந்தார்கள். நல்ல கைவேலை.

வயரும் பேசும். ரப்பர் மேல் பருத்தி நூல் பின்னிய உறை என்றால் பழைய ஆள். வழவழப்பான பிளாஸ்டிக் உறை போருக்குப் பிந்தியது. வயரை மாற்றுவது எளிது என்பதால் இந்த சாட்சியை மட்டும் நம்பி தீர்ப்பு எழுத வேண்டாம்.

இப்போது எழுத்துகள். பாதி விடை இங்கேதான், ஆனால் படிப்பதற்குப் பொறுமை வேண்டும். கம்பித் தூரிகையைத் தொடாதீர்கள். மெல்லிய காகிதத்தை மேலே வைத்துப் பென்சிலால் தேயுங்கள், சின்ன வயதில் காசை வைத்துத் தேய்த்தது போல. கண்ணாடியில் என்றால் கொஞ்சம் கோலமாவைத் தூவி ஊதிவிட்டால் எழுத்து வெள்ளையாக எழும்பும். அறையை இருட்டாக்கி டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்து அடிப்பதும் நல்ல வழி.

முதலில் பெயர். சின்சினாட்டியின் கே-டி லாம்ப், சிகாகோவின் டோ-ரே, கனெக்டிகட் மாநிலம் நார்வாக்கின் யாங்கி, புரூக்ளினின் சிக்னல்-ஸ்டாட், இண்டியானாவின் க்ரோட் இவையெல்லாம் வெளிமார்க்கெட்டின் பழம்பெயர்கள். சிராக்யூஸ் நகரத்து டீட்ஸ் கம்பெனி கார் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே மண்ணெண்ணெய் லாந்தர் செய்து பேர் வாங்கியது. நம் ஊர் அரிக்கேன் விளக்குக்குப் பங்காளி முறை. கார் வந்தபோது அதே தகட்டு வேலைக்காரர்கள் கார் விளக்குக்கு மாறினார்கள், அதனால்தான் ஆரம்பகால டெயில் லைட்டுகளில் லாந்தரின் ஜாடை தெரிகிறது.

பெயரைக் கண்டதும் ‘ஆஹா, கார்க் கம்பெனி பெயர் இல்லை, அப்படியானால் வெளிமார்க்கெட்’ என்று முடிவுகட்டினால் தவறும். டெட்ராய்டின் எட்மண்ட்ஸ் அண்ட் ஜோன்ஸ், ஹால் லாம்ப் போன்றவை கார்க் கம்பெனிகளுக்கே விளக்கு செய்து கொடுத்தவை. ‘கைட்’ என்ற பெயர் ஜெனரல் மோட்டார்ஸின் சொந்த விளக்குப் பிரிவு, அதிருந்தால் பெரும்பாலும் ஒரிஜினல். ‘ஃபோமோகோ’ என்றால் ஃபோர்டு மோட்டார் கம்பெனி.

பெயருக்குப் பக்கத்தில் ‘எஸ்.ஏ.இ.’ என்றும் அதைத் தொடர்ந்து ஒரு கொத்து எழுத்துகளும் இருக்கலாம். அது அமெரிக்க வாகனப் பொறியாளர் சங்கத்தின் குறியீடு. இந்த விளக்கு என்னென்ன வேலைக்குத் தகுதியானது என்பதை அந்தக் கொத்து சொல்கிறது. ‘ஏ’ என்றால் ரிஃப்ளெக்டர், ‘ஐ’ என்றால் இண்டிகேட்டர். ஸ்டாப், டெயில், பார்க்கிங், ரிவர்ஸ், லைசென்ஸ் பிளேட் ஆகியவற்றை அந்தந்த ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்தாலேயே நினைவில் வைத்துக்கொள்ளலாம். ‘ஏ-ஐ-எஸ்-டீ’ என்று நான்கும் சேர்ந்து வந்தால் ரிஃப்ளெக்டர், இண்டிகேட்டர், பிரேக், டெயில் நான்கையும் அந்த ஒரே விளக்கு பார்த்துக்கொள்ளும். அமெரிக்காவில் பின்பக்க இண்டிகேட்டர் சிவப்பாக இருக்க அனுமதி உண்டு என்பதால்தான் ஒரே சிவப்பு லென்ஸுக்குள் இத்தனை வேலை.

கொத்துக்குப் பின்னால் 58, 67 என்று இரண்டு இலக்க எண் வந்தால் அது ஆண்டைக் குறிக்கும். வெளிமார்க்கெட் விளக்கில் அது எந்த ஆண்டின் தர விதியின்படி செய்தது என்பதன் அடையாளம், விளக்கு பிறந்த ஆண்டு அல்ல. 67 என்று வெட்டிய அச்சை வைத்துக்கொண்டு 1980 வரைக்கும் லென்ஸ் வார்க்கலாம். மறுபடியும் அதே விதி: 67க்கு முன்னால் இல்லை, அவ்வளவுதான். ‘டி.ஓ.டி.’ என்ற மூன்றெழுத்து இன்னும் உறுதியான எல்லைக்கல். அமெரிக்கப் போக்குவரத்துத் துறை செயல்படத் தொடங்கியதே 1967 ஏப்ரலில். வாகன விளக்குகளுக்கான அதன் 108ஆம் எண் விதி 1968இல் அகலமான பெரிய வண்டிகளுக்கும், 1969இல் எல்லாக் கார்களுக்கும் அமலுக்கு வந்தது. ஆகவே ‘1940களின் விளக்கு’ என்று ஒருவர் நீட்டும் லென்ஸில் டி.ஓ.டி. இருந்தால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடலாம்.

எல்லாவற்றையும் விட நான் அதிகம் நம்புவது காப்புரிமை எண்ணை. ‘பேட்.’ என்று சுருக்கமாகப் போட்டு, அடுத்து ஏழு இலக்க எண் இருக்கும். அமெரிக்கக் காப்புரிமைகள் வரிசையாக எண்ணப்படுபவை என்பதால் எண்ணே காலண்டர். பத்து லட்சமாவது காப்புரிமை 1911 ஆகஸ்டில், இருபது லட்சமாவது 1935 ஏப்ரலில், முப்பது லட்சமாவது 1961 செப்டம்பரில். இடையில் சில படிகளை நான் ஒரு சீட்டில் எழுதிப் பர்ஸில் வைத்திருக்கிறேன்: 1920ஆம் ஆண்டின் முதல் எண் 1,326,899; 1925இல் 1,521,590; 1930இல் 1,742,181; 1935இல் 1,985,878; 1940இல் 2,185,170; 1950இல் 2,492,944. சந்தையில் நின்றபடியே விளக்கைத் திருப்பிப் பார்த்து ஐந்து பத்து வருஷத்துக்குள் காப்புரிமையின் காலத்தை அடைத்துவிடலாம். வீட்டுக்கு வந்து அந்த எண்ணை கூகுள் பேட்டன்ட்ஸில் தட்டினால் கண்டுபிடித்தவர் வரைந்த படமே வந்து நிற்கும், இந்தக் குழாய் எதற்கு, அந்த ஸ்பிரிங் எதற்கு என்ற விளக்கத்தோடு. காசு கிடையாது.

இதில் கவனிக்க இரண்டு விஷயம். ‘டெஸ். பேட்.’ என்று இருந்தால் அது வடிவத்துக்கான காப்புரிமை, அதன் எண் வரிசை தனி, இலக்கமும் குறைவு. ஆறு இலக்கம் பார்த்துவிட்டு ‘அடடா, 1911க்கு முந்தியது’ என்று குதித்த நண்பர் எனக்கு உண்டு. ‘பேட். பெண்டிங்’ என்றால் விண்ணப்பித்திருக்கிறார்கள், இன்னும் கிடைக்கவில்லை. அதை வைத்து ஆண்டு சொல்ல முடியாது, ஆனால் அதே விளக்கு எண்ணோடும் கிடைத்தால் எண் இல்லாதது முதல் வார்ப்புகளில் ஒன்று என்று கொள்ளலாம்.

அட்டைப் பெட்டியோடு கிடைத்தால் அதிர்ஷ்டம்தான். முகவரியைப் படியுங்கள். ஊர்ப் பெயருக்கும் மாநிலத்துக்கும் நடுவில் ‘சிகாகோ 12’ என்கிற மாதிரி ஒன்றிரண்டு இலக்க எண் இருந்தால் அது 1943 மே மாதம் பெரிய நகரங்களுக்கு வந்த தபால் மண்டல எண். கடைசியில் ஐந்து இலக்கம் என்றால் ஜிப் கோடு, 1963 ஜூலைக்குப் பிறகு. பெட்டிக்குள் வேறு விளக்கை வைத்து விற்பவர்களும் இருக்கிறார்கள், அதனால் பெட்டியின் வயது பெட்டிக்கு மட்டும்.

நான் கைசுட்டுக்கொண்ட கதையையும் சொல்லிவிடுகிறேன். 1938, 39 ஃபோர்டுகளில் கண்ணீர்த்துளி வடிவத்தில் ஒரு டெயில் லைட் வந்தது. பழைய கார்களை வெட்டி ஒட்டி வேகவண்டி ஆக்குபவர்களுக்கு அதன்மேல் தீராத மோகம், எந்த வண்டியானாலும் பின்னால் அதை மாட்டுவார்கள். ஒரு முறை ஒரு ஜோடியை ‘எண்பது வருஷம் கிடங்கில் கிடந்த சரக்கு’ என்று ஒருவர் காட்டினார். கண் மயங்கி வாங்கிவிட்டேன். வீட்டில் லென்ஸைக் கழற்றினால் உள்ளே பளபளவென்று பிளாஸ்டிக் வயர், ஹோல்டரில் நேற்றுப் பூசியது போன்ற முலாம், லென்ஸைக் கன்னத்தில் வைத்தால் குளிரவே இல்லை. அந்த ஃபோர்டுகளின் ஒரிஜினல் லென்ஸ் கண்ணாடி. வெளியே வேண்டுமென்றே துருவேற்றியிருந்தார்கள், உள்ளே ஏற்ற மறந்துவிட்டார்கள். இப்படிப் புதிதாக வார்க்கும் நகல்களை நேர்மையாக ‘நகல்’ என்று சொல்லி விற்கும் கடைகள் ஏராளம், ஓட்டுவதற்கு அவைதான் நல்லதும்கூட. மாடல் ஏ, கண்ணீர்த்துளி ஃபோர்டு, 1950 பான்டியாக் வட்ட விளக்கு, 1959 காடிலாக்கின் ராக்கெட் முனை லென்ஸ், இந்த நான்கில் எது கண்ணில் பட்டாலும் முதலில் நகல் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். யாருக்கும் தெரியாத பொது விளக்கை நகல் எடுக்க யாரும் மெனக்கெடுவதில்லை, எங்களைப் போன்றவர்களுக்கு அதுதான் வசதி.

மேஜை மேல் இருக்கும் விளக்குக்குத் திரும்புகிறேன். முதுகில் பென்சிலால் தேய்த்தபோது வந்த எண் பதினெட்டு லட்சத்துச் சொச்சம், அதாவது 1930க்கும் 34க்கும் நடுவில் கிடைத்த காப்புரிமை. உடம்பு அதற்கு முன்னால் செய்ததில்லை. லென்ஸ் கண்ணாடி, ரிஃப்ளெக்டர் குழிகள் இல்லை, எஸ்.ஏ.இ. கொத்து இல்லை, ‘ஸ்டாப்’ எழுத்து உண்டு. உடம்போடு வந்த லென்ஸ்தான் என்று நம்பலாம். விளிம்பைப் பிடித்திருக்கும் பிளஸ் தலை ஸ்க்ரூக்கள் பின்னால் வந்தவை. ஹோல்டரும் வயரும் பிற்பாடு மாற்றியவை. போல்ட்டைச் சுற்றி இரண்டு வித பெயின்ட் ஒட்டியிருக்கிறது, அடியில் பச்சை, மேலே கறுப்பு. குறைந்தது இரண்டு வண்டிகளில் இருந்திருக்கிறது. இதையெல்லாம் ஒரு அட்டையில் எழுதி நூலால் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன், ‘கார்’ என்ற இடத்தில் ஒரு கோடு போட்டு.

எரியவிட்டுப் பார்க்க ஆசையாக இருந்தால் ஒரு எச்சரிக்கை. உள்ளே பழைய 6 வோல்ட் பல்பு இருந்தால் அதைக் கார் பேட்டரியில் கொடுக்காதீர்கள், ஒரு நொடி வெள்ளையாகப் பளிச்சிட்டு செத்துவிடும். முகாம் லாந்தர்களில் போடும் 6 வோல்ட் சதுர பேட்டரி போதும். 1154 பல்பின் டெயில் இழைக்கு வெளிச்ச அளவு 3 மெழுகுவர்த்தித் திறன், பிரேக் இழைக்கு 21. என் விளக்கில் 1157க்குப் பதில் அதை மாட்டி, மங்கல் இழையை எரியவிட்டு அறை விளக்கை அணைத்தேன். சிவப்பாக ஒரு புள்ளி, மேஜையின் மறுமுனை வரைகூட எட்டவில்லை. நம்பர் பிளேட் ஜன்னல் வழியாக மட்டும் ஒரு கீற்று விழுந்தது, நான் எழுதிய அட்டை மேல், எழுத்தைப் படிக்கும் அளவுக்கு.